குன்னூரில் கையைக் கடிக்காத சொகுசு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிறந்து வளர்ந்தது குன்னூர். வேலைக்காகக் கோயம்புத்தூருக்கு இறங்கி வந்து பல வருடம் ஆகிறது, ஆனாலும் மாதம் இரண்டு தடவையாவது மலையேறிவிடுவேன். சொந்தக்காரர்கள், கூட வேலை பார்ப்பவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாராவது ஒருவர் போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: "பழைய பங்களாவில் ரெண்டு நாள் தங்கணும், ஆனா பட்ஜெட் இடிக்குது, என்ன பண்ணலாம்?" அவர்களுக்கெல்லாம் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

சொகுசும் வேண்டும், செலவும் குறைய வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்கிற காரியமா?

நடக்கும். ஆனால் எல்லாவற்றிலும் சொகுசு கேட்டால் நடக்காது. ஒரே ஒரு விஷயத்தில் தாராளமாக இருங்கள், மற்றதில் கையை இறுக்கிப் பிடியுங்கள். அந்த ஒன்று தங்கும் இடமாக இருக்கட்டும். குன்னூருக்கு வருபவர்கள் பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: பஸ் ஸ்டாண்ட் பக்கம் தலைசாய்க்க ஏதோ ஓர் அறை, காலை எட்டு மணிக்கே டாக்ஸி, ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு 'பாயிண்ட்', சாயங்காலம் களைத்துப்போய் வந்து படுத்தால் மறுநாள் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். டாக்ஸிக்குக் கொடுத்த காசையும் அறைக்குக் கொடுத்த காசையும் கூட்டிப் பார்த்தால், அதே தொகைக்கு நல்ல வராந்தா வைத்த ஒரு வீட்டில் இருந்திருக்கலாம். இந்த ஊரில் காசு கொடுத்து வாங்க வேண்டியது, அவசரம் இல்லாமல் உட்கார்ந்திருக்கிற இரண்டு காலைப்பொழுதுதான்.

ஊட்டிக்கே போகலாமே, ஏன் குன்னூர்?

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குன்னூர் சுமார் 1,850. அந்த நானூறு மீட்டர் வித்தியாசம் உடம்புக்கு நன்றாகவே தெரியும். டிசம்பரில் ஊட்டியில் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும்போது குன்னூரில் ஒரு ஸ்வெட்டரும் மப்ளரும் போட்டுக்கொண்டு வெளியே உட்காரலாம். தேயிலைச் சரிவுகள் ஊரைச் சுற்றியே இருப்பதால் பார்க்கத் தனியாக எங்கும் போக வேண்டாம். ஊட்டியையும் விடவேண்டியதில்லை, 19 கிலோமீட்டர்தான், ஒரு நாள் போய்விட்டுத் திரும்பலாம்.

இன்னொரு காரணம் பழைய வீடுகள். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் முதலில் வந்து சேர்ந்தது கோத்தகிரிப் பக்கம், அவர் கட்டிய பங்களா கன்னேரிமுக்கில் இன்றும் அருங்காட்சியகமாக இருக்கிறது. அப்புறம் அவர் ஊட்டிக்குப் போனார், ஊட்டி பெரிதானது. மலை ரயில் 1899-ல் குன்னூர் வரைக்கும்தான் வந்தது, ஊட்டி வரை நீண்டது 1908-ல். ராணுவத்துக்காரர்களுக்குப் பக்கத்திலேயே வெலிங்டன் ராணுவக் குடியிருப்பு, தோட்டக்காரர்களுக்குத் தேயிலை. இதெல்லாம் சேர்ந்துதான் மேல் குன்னூரில் சிம்ஸ் பார்க், பெட்போர்டு பக்கமெல்லாம் இத்தனை பங்களாக்கள்.

எந்த மாதம் வந்தால் விலை குறைவாக இருக்கும்?

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், பதிலைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஜூலை.

ஏப்ரல், மே முதல் சீசன். பள்ளி விடுமுறை, ஊட்டி மலர்க் கண்காட்சி, சிம்ஸ் பார்க்கில் பழக் கண்காட்சி எல்லாம் அப்போதுதான். அறை விலை உச்சிக்குப் போய்விடும், கொடுத்தாலும் அமைதி கிடைக்காது. செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசன், முதலாவது அளவுக்கு இல்லை என்றாலும் ஆயுத பூஜை, தீபாவளி லீவு வாரங்களை ஒதுக்கிவிடுங்கள்.

ஜூலையில் மழை இருக்குமே என்பீர்கள். நீலகிரி முழுக்க ஒரே மாதிரி மழை பெய்வதில்லை. தென்மேற்குப் பருவமழையை வாங்குவது கூடலூர், பந்தலூர், நடுவட்டம், அவலாஞ்சி என்று மேற்குப் பக்கம். குன்னூரும் கோத்தகிரியும் கிழக்குச் சரிவில் இருப்பதால் இந்தப் பக்கம் வந்து சேர்வது பெரும்பாலும் சாரலும் காற்றும் பனிமூட்டமும்தான். எங்களுக்குப் பெருமழை என்றால் அது அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையில்தான். செய்தியில் 'நீலகிரிக்குக் கனமழை எச்சரிக்கை' என்று வந்ததும் ஜூலையில் எல்லோரும் அறையை ரத்து செய்கிறார்கள், இங்கே நாங்கள் துணி காயப்போட்டுக்கொண்டிருப்போம். எச்சரிக்கையைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று சொல்லவில்லை, எந்தத் தாலுகாவுக்கு என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நவம்பரில் மட்டும் சொகுசு, விலைக் குறைப்பு என்று எந்த ஆசைக்காகவும் வராதீர்கள். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி பக்கம் மண் சரிந்து ஒரே மழையில் நாற்பது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். இப்போதும் அந்த மாதத்தில், மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் பர்லியார் சாலையில் மரம் விழுவதும் ரயில் பாதையில் பாறை உருண்டு வண்டி ரத்தாவதும் நடக்கிறது.

மாதத்தைவிடக் கிழமை முக்கியம். ஞாயிறு மதியம் எல்லோரும் இறங்கும்போது நீங்கள் ஏறுங்கள், செவ்வாய்க்கிழமை இறங்குங்கள். சனிக்கிழமை விலைக்கும் திங்கட்கிழமை விலைக்கும் உள்ள வித்தியாசத்திலேயே சாப்பாட்டுச் செலவு வந்துவிடும்.

'ஹெரிடேஜ் பங்களா' என்று போட்டிருப்பதெல்லாம் உண்மையிலேயே பழையதா?

இல்லை. பத்து வருடத்துக்கு முன்னால் கட்டிய கான்கிரீட் வீட்டுக்குச் சரிவாகத் தகரம் போட்டுவிட்டு அந்தப் பெயரை வைத்துக்கொள்கிறார்கள். படத்தில் விட்டத்தைப் பாருங்கள், உண்மையான பழைய வீடாக இருந்தால் கூரை உயரமாக இருக்கும், மர உத்தரம் தெரியும், ஜன்னல் சுவரின் உட்பக்கம் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு ஆழமாக இருக்கும், ஏனென்றால் சுவர் அவ்வளவு தடிமன். தரை பலகையாக இருக்கும், நடந்தால் சத்தம் வரும். சில பேருக்கு அந்தச் சத்தம் பிடிக்காது, முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

போன ஜூலையில் என் அம்மாவை அப்படி ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அம்மா முப்பது வருடம் டீச்சர் வேலை பார்த்தவர், தினமும் அந்த வீட்டு கேட்டைத் தாண்டித்தான் பள்ளிக்கு நடந்து போவார், ஒரு நாளும் உள்ளே போனதில்லை. வெளியிலிருந்து தெரிந்ததெல்லாம் ஒரு புகைக்கூண்டும் கேட்டோரம் ஹைட்ரேஞ்சியாப் பூவும்தான். நாங்கள் போன அன்று சாயங்காலம் நாலு மணிக்கே மேகம் இறங்கிவிட்டது. வீட்டைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் காய்ந்த சீகை விறகை நாலைந்து கட்டை கொண்டுவந்து கணப்பில் அடுக்கி, கீழே கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) சருகைத் திணித்துத் தீக்குச்சி கிழித்தார், சருகு படபடவென்று பற்றிக்கொண்டு அந்தத் தைல வாசனை அறை முழுக்க வந்தது. அம்மா ஜன்னல் திண்டில் காலை மடக்கி உட்கார்ந்து, கண்ணாடியில் படிந்த ஈரத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து, தான் நடந்து போன ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. மே மாதமாக இருந்தால் அந்த வீட்டுப் பக்கம் நாங்கள் எட்டிப் பார்த்திருக்க முடியாது. இந்த வீடுகள் வருடத்தில் பாதி நாள் காலியாகத்தான் கிடக்கின்றன, நம்மைப் போன்றவர்களுக்கு வழி திறப்பது அந்தப் பாதி நாளில்தான்.

முன்பதிவு செய்யும் முன் என்னவெல்லாம் கேட்க வேண்டும்?

ஆப்பில் பார்த்துவிட்டு நேரடியாகப் போன் செய்யுங்கள். வெந்நீர் நாள் முழுக்க வருமா, காலையில் மட்டுமா? கணப்பு எரிக்கிற நிலையில் இருக்கிறதா, அலங்காரத்துக்கா? விறகுக்குத் தனிக் காசா? கார் வாசல் வரை வருமா, இல்லை படி இறங்கவேண்டுமா? ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும்? கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். ஒரு தடவை 'வேலி வியூ', அதாவது பள்ளத்தாக்கு தெரியும் அறை என்று சொல்லி அதற்குத் தனியாகக் காசும் வாங்கிவிட்டு, எதிர் வீட்டுத் தண்ணீர் டேங்கைக் காட்டுகிற அறையைக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அறையின் ஜன்னலிலிருந்து எடுத்த படத்தை வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லிவிட்டுத்தான் முன்பணம் போடுகிறேன். அனுப்பத் தயங்கினால் அந்த இடம் வேண்டாம்.

சுற்றுலாத் துறையில் பதிவு செய்த இடமா என்றும் கேட்டுவிடுங்கள். தோட்டத்துக்குள் அனுமதி இல்லாமல் நடத்துகிற காட்டேஜுகள் இருக்கின்றன, அதிகாரிகள் வந்து சீல் வைத்தால் உங்கள் முன்பணத்துக்கு யாரும் பொறுப்பில்லை.

அறை வாடகையில் 7,500 ரூபாய் கணக்கு என்று ஏதோ சொல்கிறார்களே?

ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22-லிருந்து ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால் வரி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. அதாவது 7,500 ரூபாய் அறை உங்களுக்கு 7,875-ல் முடியும், 7,600 ரூபாய் அறை 8,968 ஆகிவிடும். நூறு ரூபாய் கூடினதற்கு ஆயிரத்துக்கு மேல் போகிறது. வாடகை 7,800, 8,000 என்று சொன்னால், வார நாளில் கொஞ்சம் குறைத்து 7,500-க்குத் தரமுடியுமா என்று கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

மலை ரயிலில் வருவது நல்லதா, காரிலா?

ஏறும்போது ரயில், இறங்கும்போது பஸ். இதுதான் எனக்குப் பிடித்த முறை.

சென்னையிலிருந்து வருகிறவர்கள் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிகாலையில் மேட்டுப்பாளையம். அங்கே காலை 7.10-க்கு மலை ரயில், பத்தரை மணி வாக்கில் குன்னூர். கல்லார் வரை சாதாரண ரயில் மாதிரி வரும், கல்லாருக்கு மேல்தான் விஷயம். தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வைத்த இரும்புச் சட்டம் ஓடும், இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கடித்துக் கடித்து ஏறும், பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி என்று ஏற்றம். இன்ஜின் முன்னால் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும், அதனால் முதல் பெட்டியில் இருப்பவர்களுக்கு எதிரே பாதையும் காடும் மட்டும்தான் தெரியும். ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இறங்கி டீயும் வடையும் வாங்கிக்கொள்ளலாம், கையில் வடையை மட்டும் ஜாக்கிரதையாகப் பிடியுங்கள், குரங்குகள் ஆளைப் பார்ப்பதில்லை, பொட்டலத்தைத்தான் பார்க்கும். மொத்தப் பாதை 46 கிலோமீட்டர், 16 குகைப்பாதை, 250 பாலம். 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது.

முதல் வகுப்பில் இடம் கிடைத்தால் எடுத்துவிடுங்கள், இங்கே கொஞ்சம் தாராளமாக இருப்பதில் தப்பில்லை. முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும், திறந்த அன்று காலையிலேயே போட்டால்தான் உண்டு. கிடைக்காவிட்டால் மனதை விட்டுவிடாதீர்கள், பஸ்ஸில் குன்னூர் வந்துவிட்டு அங்கிருந்து ஊட்டிக்குப் போகும் ரயிலில் ஏறுங்கள். அது டீசல் இன்ஜின், பல்சட்டமும் இல்லை, ஆனால் வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று கேத்திப் பள்ளத்தாக்கை ஒட்டிப் போகும் அந்த ஒரு மணி நேரத்தை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் போவேன்.

நீலகிரிக்குள் வண்டியோடு நுழைய இ-பாஸ் கட்டாயமா?

சொந்த வண்டி, வாடகை வண்டி எதுவானாலும் ஆம். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-லிருந்து நடைமுறை. காசு கிடையாது, ஆன்லைனில் எடுத்துக்கொள்ளலாம். 2025 சீசனில் நாளைக்கு 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் வைத்தார்கள், அதனால் சீசனில் கடைசி நிமிடத்துக்கு விடாதீர்கள். அரசு பஸ்ஸிலும் ரயிலிலும் வந்தால் இந்தக் கவலையே இல்லை.

கார் இல்லாமல் வந்தால் ஊரைச் சுற்ற முடியுமா? என்னவெல்லாம் பார்க்கலாம்?

முடியும். ஒரு அரை நாளுக்கு மட்டும் ஆட்டோவோ டாக்ஸியோ பேசிக்கொண்டு லேம்ஸ் ராக், டால்பின் நோஸ் போய்வாருங்கள். காலை ஒன்பது மணிக்குள் அங்கே இருக்க வேண்டும், பதினொன்றுக்கு மேல் பள்ளத்தாக்கை மேகம் மூடிவிட்டால் வெள்ளைச் சுவரைத்தான் பார்க்க வேண்டிவரும். டால்பின் நோஸிலிருந்து எதிர்ப்பக்கம் கேத்தரின் அருவி கோடு மாதிரித் தெரியும்.

மிச்ச நேரம் நடை. சிம்ஸ் பார்க் 1874-ல் தொடங்கியது, ஒரு பள்ளத்தின் இரண்டு சரிவிலும் வளர்த்த மரங்கள், ருத்திராட்ச மரம்கூட இருக்கிறது. அதற்கு எதிரேதான் 1907-லிருந்து வெறிநாய்க்கடித் தடுப்பூசி ஆராய்ச்சி நடக்கும் பாஸ்டர் நிறுவனம், உள்ளே போக முடியாது என்றாலும் கட்டடத்தை ரோட்டிலிருந்து பார்த்துவிடுங்கள். அப்புறம் மேல் குன்னூரில் கால் போன போக்கில் ஒரு மணி நேரம். பட்டியல் போட்டு முடிக்க வேண்டிய ஊர் இல்லை இது.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது? பங்களாக்களில் விலை அதிகமாமே?

அதிகம்தான். காலைச் சாப்பாடு வாடகையோடு சேர்ந்த அறையாக எடுங்கள், அதை நிதானமாக, வயிறாரச் சாப்பிடுங்கள். மதியம் கீழே மார்க்கெட் பக்கம் மெஸ்ஸில் ஒரு அளவுச் சாப்பாடு போதும். சாயங்காலம் பேக்கரியில் சூடான வர்க்கி, ஒரு டீ. வர்க்கி அடுக்கடுக்காக, மேலே கரடுமுரடாக இருக்கும், டீயில் தொட்டதும் உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். 2023-ல் ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ராத்திரிக்கு மட்டும் தங்கும் இடத்திலேயே முதல் நாளே சொல்லிவைத்தால் ஒரு ரசமும் பொரியலும் செய்துதருவார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் நீலகிரியின் படகர் சமூகத்தவராக இருந்தால், அவரைக்காய்க் குழம்பு கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள், பச்சை அவரைக்காய் காலத்தில் அதற்கு ஈடு கிடையாது.

ஜூன், ஜூலையில் வந்தால் பர்லியாரில் ரோட்டோரக் கடைகளில் மங்குஸ்தான் வாங்கத் தவறாதீர்கள்.

வயதானவர்களும் குழந்தைகளும் உண்டு. சமாளிக்க முடியுமா?

வளைவுகளில் வாந்தி வரும் குழந்தைகளுக்கு ரயில்தான் நல்லது, அது மெதுவாகப் போகும். சிம்ஸ் பார்க்கில் இறங்குவது சுகம், ஏறுவதுதான் முட்டியைக் கேட்கும், பெரியவர்களை மேல் தளத்திலேயே உட்காரவைத்துவிடுங்கள். பழைய பங்களாக்களில் குளியலறைக்கு ஒரு படி இறங்கவேண்டியிருக்கும், ராத்திரி விளக்கு போட்டே வையுங்கள்.

காட்டு விலங்குகள் வரும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. காட்டு மாடு ஊருக்குள்ளேயே திரிகிறது. விடிகாலையில் கேட்டைத் திறந்தால் பத்தடி தூரத்தில் கன்னங்கரேலென்று நிற்கும், முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி. சாதுவாகத்தான் தெரியும், போட்டோ எடுக்கப் பக்கத்தில் போகாதீர்கள், அது திரும்பினால் ஓட நேரம் இருக்காது. சத்தம் போடாமல் பின்னால் நகர்ந்து வழி விடுங்கள். கரடியும் சிறுத்தையும் தேயிலைத் தோட்டங்களில் உண்டு, ஆறு மணிக்கு மேல் தோட்டத்துப் பாதையில் நடக்கவே வேண்டாம். மிச்சச் சாப்பாட்டை வெளியே வைக்காதீர்கள். அந்த வாசனைக்கு இன்று கரடி வந்தால், நாளைக்கு அதன் முன்னால் நிற்கப்போவது விடியலில் கொழுந்து பறிக்கப் போகிற அக்காதான்.

தண்ணீர் பாட்டில்?

நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, தண்ணீர் பாட்டிலும் சேர்த்து. சோதனைச் சாவடியில் வாங்கிவைத்துக்கொள்வார்கள். வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள், சாலையோரத்தில் தண்ணீர் ஏடிஎம் இருக்கிறது.

இரண்டு பேர், இரண்டு இரவு. மொத்தம் எவ்வளவு வைத்துக்கொள்ளலாம்?

நான் போடுகிற கணக்கு இது: அறை ஒரு இரவுக்கு 7,000 என்று வரியோடு 14,700. சாப்பாடு 3,500. அரை நாள் வண்டியும் ஆட்டோவும் 2,500. விறகு, வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்குக் கையில் கொடுப்பது, டீ வர்க்கி எல்லாம் சேர்த்து 1,500. மொத்தம் 22,200, ஊரிலிருந்து வந்துபோகும் செலவு தனி. இதில் குறைக்க வேண்டும் என்றால் ஓர் இரவை மட்டும் பங்களாவில் வைத்துக்கொண்டு மற்ற இரவு சாதாரண இடத்தில் தங்கலாம், அப்படியானால் பங்களாவை இரண்டாவது இரவாக வையுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்குக் கொடுப்பதில் மட்டும் கை வைக்காதீர்கள். ராத்திரி பதினோரு மணிக்கு உங்களுக்காக விறகு சுமப்பவர் அவர்.

திரும்பும்போது என்ன வாங்கிப்போகலாம்?

தேயிலை. சாக்லேட் கடைகள் வரிசையாகக் கூப்பிடும், குழந்தைகளுக்குக் கொஞ்சம் வாங்கிவிட்டு நகருங்கள். தேயிலையில் பால் டீக்கு டஸ்ட் என்கிற தூள், பால் இல்லாமல் குடிக்க ஆர்த்தடாக்ஸ் என்கிற உருட்டிய இலை. டிசம்பர், ஜனவரிக் குளிரில் கொழுந்து மெதுவாக வளர்வதால் அந்த மாதத்துத் தேயிலைக்கு மணம் அதிகம், கடையில் எந்த மாதத்துச் சரக்கு என்று கேட்டு வாங்குங்கள். இங்கே பெரும்பாலும் ஓர் ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள், பச்சைத் தேயிலைக்குக் கட்டுபடியான விலை கிடைக்காமல் வருடக்கணக்காகப் போராடுகிறார்கள். அவர்கள் இலை போடுகிற கூட்டுறவுத் தொழிற்சாலைச் சரக்கு கடைகளில் கிடைக்கிறது, அதையே கேளுங்கள். வீட்டுக்குப் போனதும் பொட்டலத்திலிருந்து எடுத்து இறுக்கமாக மூடுகிற டப்பாவில் போட்டு, அடுப்புக்குத் தள்ளி வையுங்கள்.